அஞ்சுதெங்கில் பிறந்த எழுத்தர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே விழாவில் எனக்குக் கிடைத்த பணி நாற்காலிகளை எண்ணிப் பெற்று எண்ணிக் கொடுப்பது. இவ்வாண்டு ஒலிபெருக்கியின் முன்னே நிறுத்தியிருக்கிறார்கள். யான் புலவனல்லன்; பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிப்பவன். ஆகவே சொற்சுவை எதிர்பார்த்து வந்தவர்கள் எனக்குப் பின் பேசவிருக்கும் அறிஞர் வரும்வரை பொறுத்தருள வேண்டும்.

'நம் பகுதியும் வரலாறும்' என்று பொதுவாகத் தலைப்புத் தந்தார்கள். யான் தேர்ந்துகொண்ட பெயரைக் கேட்டதும் செயற்குழுவில் ஒரு பெரியவர் முகஞ்சுளித்தார். "தம்பி, தமிழ்ச் சங்கத்து மேடையில் வெள்ளைக்காரனுக்கு நினைவுரையா?" என்றார். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை இந்த உரை முடியுமுன் தந்துவிட முயல்கிறேன். அந்த மனிதர் பெயர் இராபர்ட் ஓர்ம். கிழக்கிந்தியக் கும்பினியார் நம் நாட்டில் நடத்திய போர்களை முதன்முதலாக விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர். ஆர்க்காட்டுக் கோட்டையும், திருச்சிராப்பள்ளிப் பாறைகளும், நத்தம் கணவாயும், வந்தவாசி வெளியும் அவர் ஏட்டில் இன்றும் புகைந்துகொண்டிருக்கின்றன. இவர் பிறந்தது இலண்டனில் என்று நினைத்துவிடாதீர்கள். பாறசாலையில் காலை வண்டி ஏறித் திருவனந்தபுரத்தில் மாறினால் நண்பகலுக்குள் இறங்கிவிடக்கூடிய கடைக்காவூர் நிலையத்துக்கு அண்மையில், கடலோரத்து அஞ்சுதெங்குக் கோட்டையில், 1728 டிசம்பர் 25-ஆம் நாள் பிறந்தார்.

அஞ்சுதெங்கை ஆங்கிலேயர் 'அஞ்செங்கோ' ஆக்கினார்கள். ஆற்றிங்கல் இராணியிடம் இடம்பெற்று, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மிளகு வாணிகத்துக்காக அங்கே கோட்டை கட்டினார்கள். 1721 ஏப்ரலில், கும்பினித் தலைவன் கிஃபோர்டு பெரும் பரிவாரத்தோடு ஆற்றிங்கலுக்குப் போனபோது, அவனுடைய அடாவடி பொறாத மக்கள் திரண்டெழுந்து ஏறத்தாழ 140 பேரை மாய்த்தனர். பின்பு கோட்டையையும் பல திங்கள் முற்றுகையிட்டனர். அது நடந்து ஏழு ஆண்டுகள் கழித்து அதே கோட்டைக்குள் பிறந்தவர் ஓர்ம். தந்தை அலெக்சாண்டர் ஓர்ம் அங்கே மருத்துவராக இருந்து பின்னர்த் தலைவராகவும் ஆனவர். போர்க்களத்தின் சூடு ஆறுமுன் பிறந்த பிள்ளை போர்க்களங்களை எழுதப் போனது வியப்பில்லை என்று நம் ஊர்ச் சோதிடர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

போன கோடை விடுமுறையில் என் மகனை அழைத்துக்கொண்டு அக்கோட்டையைப் பார்த்து வந்தேன். நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்துக் கட்டிய சிறு சதுரக் கோட்டை. தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. உள்ளே புல்லும் வெயிலும். வெளியே மீனவர் வலைகள். ஓர்மின் பெயரைச் சொல்லி வழி கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மகாகவி குமாரன் ஆசான் பிறந்த காயிக்கரை அண்மையிலிருப்பதால், "ஆசானுடைய இடமா?" என்று கேட்டார்கள். ஓர்மை விட ஆசானை அவ்வூர் நினைவில் வைத்திருப்பது முற்றிலும் சரியே.

இனி அவர் வாழ்க்கை. சிறு குழந்தையாயிருக்கும்போதே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஹாரோ பள்ளியில் படித்தார். 1742-இல், பதினான்கு வயதளவில், கல்கத்தா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு கும்பினியில் அமர்ந்தார். அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் 'ரைட்டர்'. இக்காலத்தில் காவல் நிலையத்தில் ஒரு ரைட்டர் இருக்கிறார் அல்லவா, ஏறக்குறைய அதே சொல்தான். எழுத்தர், கணக்கும் கடிதமும் படியெடுக்கும் குமாஸ்தா. அன்பர்களே, இதைப் படித்த அன்றுதான் எனக்கு இம்மனிதர் மேல் ஓர் ஒட்டுதல் பிறந்தது. உடைவாளேந்திப் படைநடத்திய தளபதியல்லர் அவர். மேசைமுன் அமர்ந்து, வந்த தாளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, எந்த நாள், எத்தனை பேர், எத்தனை வண்டி என்று குறித்துக்கொண்டே இருந்தவர்.

1753-இல் இங்கிலாந்து போய், 1754-இல் சென்னைக் கவுன்சில் உறுப்பினராகத் திரும்பினார். வங்காளத்துக்குக் கிளைவின் தலைமையில் படை அனுப்ப வேண்டும் என்று 1756-இல் கவுன்சிலில் வலியுறுத்தியவர்களில் இவர் முக்கியமானவர். பிளாசிப் போருக்கு அந்த முடிவே வழிவிட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இவரை வெறும் பார்வையாளர் என்று நான் விடுவிக்க முடியாது. 1758-இல் ஊருக்குக் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய்விட்டனர். 1760-இல்தான் இலண்டன் சேர்ந்தார். 1763-இல் அவருடைய பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. இரண்டாம் பகுதி வெளிவர 1778 ஆயிற்று. பதினைந்து ஆண்டு! கும்பினியே தன் வரலாற்றாசிரியர் என்று அவரை நியமித்துக்கொண்டது. 1801 ஜனவரி 13-ஆம் நாள், இலண்டனுக்கு அருகே ஈலிங்கில் காலமானார்.

இந்நூலை நான் படித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஆங்கிலம் பதிவேட்டு ஆங்கிலம். பழைய நூலாதலால் இப்போது கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் வண்டியில் அகராதியும் கையுமாக நாளொன்றுக்கு இரண்டு பக்கம் வீதம் படித்தேன். அதில் முதல் இடர்ப்பாடு ஊர்ப்பெயர்கள். 'நெல்லிடாங்கவில்' என்று ஒன்று வந்தது. எதிர் இருக்கையில் இருந்த சங்கரன்கோவில்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் சற்றே யோசித்து, "அண்ணாச்சி, இது எங்க நெற்கட்டுஞ்செவல் இல்லா?" என்றார். புலித்தேவரின் ஊர்! அன்று முதல் அந்த நூல் எனக்கு அன்னிய நூலாகத் தோன்றவில்லை. பார்சல் சீட்டில் தாறுமாறாக எழுதிய ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில்தானே.

ஆர்க்காட்டு முற்றுகையை எடுத்துக்கொள்வோம். 1751 ஆகஸ்டில் கிளைவு 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்டு சென்னையிலிருந்து புறப்படுகிறான். அதிகாரிகள் எண்மர். அவர்களில் அறுவர் அதற்குமுன் போர் கண்டதில்லை. அந்த அறுவரிலும் நால்வர் கும்பினியின் வாணிகப் பணியில் இருந்த இளைஞர்கள், அதாவது எழுத்தர்கள். ஓர்ம் இதைத் தவறாமல் எண்ணிக் குறித்திருக்கிறார். இடியும் மழையும் கொட்ட அப்படை நிற்காமல் நடந்து வருகிறது என்ற செய்தி கேட்டே, கோட்டையில் இருந்த 1,100 பேரும் அஞ்சி வெளியேறிவிட்டார்களாம். பின்பு ராஜா சாகிபு முற்றுகையிட்டான். 50 நாள் நீடித்தது.

அந்த ஐம்பது நாளில் ஒரு செய்தி. கோட்டைக்குள் மாபெரும் பழைய பீரங்கி ஒன்று கிடந்தது. ஔரங்கசீப் தில்லியிலிருந்து அனுப்பியது என்றும், இழுத்துவர ஆயிரம் இணை எருதுகள் பூட்டப்பட்டன என்றும் ஊரார் சொல்லிவந்தனர். கிளைவு அதை மண்மேடு கட்டி மேலேற்றி, நாளுக்கு ஒரு முறை, எதிரியின் தளபதிகள் கூடும் வேளை பார்த்து, நவாபின் அரண்மனையை நோக்கிச் சுடச்செய்தான். மூன்று நாள் வெடித்தது. நான்காம் நாள் தானே வெடித்துச் சிதறியது. போரின் முடிவில் இதனால் ஒரு மாற்றமும் விளையவில்லை. எனினும் ஓர்ம் இதை விடவில்லை. இத்தகையவற்றை விடாமல் எழுதியதனாலேயே அவருடைய போர்க்களம் உயிரோடிருக்கிறது என்பது என் எண்ணம். மெக்காலே போன்றவர்கள், இரண்டு நாள் நிகழ்ச்சிக்கு ஒரு பெரிய பக்கம் செலவிடுகிறாரே என்று சலித்துக்கொண்டார்கள். சலிக்கட்டும். தாக்கரே தம் நாவலில் கர்னல் நியூகம் என்னும் நல்ல மனிதருக்கு மிக விருப்பமான நூலாக ஓர்மின் வரலாற்றைத்தான் வைத்தார்.

இறுதித் தாக்குதல் முகரம் நாளில் நடந்தது. நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை நோக்கி ஓட்டினர். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பித் தம் படையையே மிதித்தோடின. அப்போது கோட்டைக்குள் போரிடும் நிலையில் இருந்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். இந்த 120 பேர் யாவர்? நம்மவர்கள். அவர்கள் பெயர் ஓர்மின் ஏட்டில் இல்லை. எண் இருக்கிறது; பெயர் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

நம் இரயில்வே நண்பர்களுக்குப் பொன்மலை என்றால் பட்டறை நினைவு வரும். திருச்சியில் பயிற்சிக்குப் போனவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பொன்மலைக் குன்றுதான் 1753 ஜூனில் ஒரு பெரும்போரைக் கண்டது. குன்றின்மேல் காவலிருந்த கும்பினிச் சிப்பாய்களை முறியடித்துப் பிரெஞ்சுப் படை உச்சியைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் மைசூர், மராட்டியக் குதிரைப்படை. மேஜர் லாரன்ஸ் பாதிவழியில் இருக்கிறான். திரும்பினால் வெட்டவெளியில் அழிவு. ஆகவே ஒரு பிரிவினரைக் குன்றின்மேல் ஏவுகிறான். அவர்கள் ஒரு வெடியும் சுடாமல், ஈட்டி பொருத்திய துப்பாக்கியோடு நேரே ஏறி உச்சியை மீட்டனர். பட்டறைச் சங்கு ஊதும்போது சாப்பாட்டுத் தூக்கோடு அக்குன்றை எத்தனை முறை கடந்திருப்பேன்! ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இனி நத்தம். இதைச் சொல்வதற்காகவே இந்த உரை என்றாலும் தவறில்லை.

1755-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆர்க்காட்டு நவாபுக்காக வரி பிரிக்கும் பொருட்டு கர்னல் ஹீரன் என்பவன் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தான். நவாபின் அண்ணன் மாபூஸ்கானும், பின்னாளில் மருதநாயகம் என்று நாம் கொண்டாடும் யூசுப்கானும் உடன் வந்தனர். மதுரைக்கு அண்மையில் கோயில்குடி என்னும் ஊர்க் கோயிலைப் படை தாக்கிற்று. கதவை எரித்து உள்ளே புகுந்தவர்கள், சிறு சிறு பித்தளை, செம்புத் திருமேனிகளைக் கைப்பற்றிக்கொண்டனர். அவற்றைத் திருப்பித் தர ஐயாயிரம் ரூபாய் விலை பேசப்பட்டது. அவற்றை வழிபட்ட கள்ளர் மக்களால் அத்தொகையைக் கொடுக்க இயலவில்லை. கும்பினிப்படை சாமிகளை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று.

பின்னர்ப் படை திருநெல்வேலிச் சீமை சென்று, நெற்கட்டுஞ்செவலில் புலித்தேவரிடம் பணமும் பெறாமல் கோட்டையையும் பிடிக்காமல் மீண்டு, மே மாத இறுதியில் நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியது. குறுகிய காட்டுவழி, இருபுறமும் அடர்ந்த புதர். முன்படை கடந்துவிட்டது. இடையில் ஒரு பாரவண்டி சேற்றில் புதைந்து நின்றது. முன்னே போனவர்கள் இதை அறியாமல் போய்க்கொண்டே இருந்தனர்; பின்படை தனித்து மாட்டிக்கொண்டது. ஒரு வண்டிச் சக்கரம் சேற்றில் நின்றதனால் ஒரு படையே இரண்டாயிற்று! தண்டவாளத்தில் வேலை செய்யும் நமக்கு இது புதிதல்ல. ஒரு சரக்கு வண்டி நின்றால் முழுப் பாதையும் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம்.

அந்த இடைவெளிக்காகக் காத்திருந்த கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடும் வில்லோடும் துப்பாக்கியோடும் இருபக்கமும் பாய்ந்தனர். வண்டிகளைப் பிளந்தனர். ஒரு வண்டியில் தங்கள் தெய்வங்கள் இருப்பதைக் கண்டனர். அப்போது எழுந்த கூக்குரலை ஓர்ம் தம் ஏட்டில் கேட்கச் செய்கிறார். "சாமி! சாமி!" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கூவியதை, அச்சொல்லையே எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரயில் வண்டியின் நெரிசலில், சுற்றிலும் மலையாளப் பேச்சும் வியாபாரக் கூச்சலுமாக இருந்தபோது, அந்த ஆங்கிலப் பக்கத்தில் திடீரென அந்தத் தமிழ்ச்சொல் கண்ணில் பட்டது. என் பாட்டி மாலைவேளை விளக்கேற்றும்போது சொன்ன சொல். இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அன்று அரைநாள் விடுப்புப் போயிற்று.

நான் அதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாது. அக்கணவாயில் படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும்கூட வெட்டுண்டனர் என்று ஓர்ம் எழுதியிருக்கிறார். அவர்களும் நம்மவர்களே. ஹீரனைப் பின்னர்க் கும்பினியாரே படைவழக்கு மன்றத்தில் விசாரித்துப் பணிநீக்கம் செய்தனர்.

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓர்ம் நமக்கு நண்பரா? அல்லர். இந்திய மக்கள் வெப்ப நாட்டில் பிறந்தமையால் வலிமையற்றவர்கள், பெண்தன்மை உடையவர்கள் என்று தனிக்கட்டுரையே எழுதியவர் அவர். ஆனால் அவரே எழுதிய நத்தத்தைப் படித்தவன் அக்கட்டுரையை நம்பமாட்டான். 1759-இன் இறுதியில் யூசுப்கான், திருவிதாங்கோட்டுப் படையையும் துணைகொண்டு வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கி, அதைப் பிடிக்க இயலாமல் திரும்பியதையும் ஓர்மே எழுதியிருக்கிறார். கொள்கை எழுதும்போது கும்பினிக்காரராக இருந்த கை, நடந்ததை எழுதும்போது நேர்மையான எழுத்தரின் கையாக இருந்தது. பதிவேட்டில் வந்ததை வந்தபடி வரவு வைப்பவன் தன்னை அறியாமலே எதிர்த்தரப்புக்கும் சாட்சி சொல்லிவிடுகிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு இந்த மேடையில் இடம் கேட்டேன்.

வாசுதேவநல்லூரைச் சொன்னேன். அந்தப் போரில் கோட்டைக்குள் இருந்தவர்களின் பேரர்களும் வெளியே நின்ற திருவிதாங்கோட்டுப் படையினரின் பேரர்களும் இன்று இதே பந்தலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கக்கூடும். நம் குடியிருப்பில் சங்கரன்கோவிலிலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. விளவங்கோடும் கல்குளமும் விட்டு எல்லைக்கு இப்பால் வந்த குடும்பங்களும் இருக்கின்றன. நெய்யாற்றின்கரையிலேயே பல தலைமுறையாகத் தமிழ் பேசி வருபவர்களும் இருக்கிறார்கள்.

நம்மைச் சுற்றியும் போர்க்களங்கள் இல்லாமலில்லை. 1741-இல் மார்த்தாண்ட வர்மர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் நமக்குப் பேருந்துத் தொலைவு. அங்கே பிடிபட்டுப் பின்பு அவருக்கே படைப்பயிற்சி தந்த டிலனாய், தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லில் இலத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. 1809 பிப்ரவரி 10-ஆம் நாள், தளவாய் வேலுத்தம்பியின் எழுச்சியை ஒடுக்கவந்த கும்பினிப்படை செயிண்ட் லெஜரின் தலைமையில் ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடித்தது. இப்போது அக்கணவாய் வழியே நாகர்கோவில் – திருநெல்வேலி வண்டிகள் போகின்றன. காற்றாலைகளைக் காட்டிப் பிள்ளைகளை வியக்க வைக்கிறோம், அரணைக் காட்டுவதில்லை. இவையெல்லாம் நடந்தபோது பக்கத்தில் ஓர் ஓர்ம் இருக்கவில்லை. சங்குண்ணி மேனோன் 1878-இலும், நாகம் ஐயா தம் திருவிதாங்கூர் மானுவலை 1906-இலும் எழுதினார்கள். அவர்கள் பெரும்பணி செய்தவர்கள். ஆயினும், கண்டவர்கள் எல்லோரும் மறைந்தபின் எழுதியவர்கள்.

ஓர்ம் அப்படியில்லை. போரில் இருந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டார். எந்த வாய்க்கால், எந்தத் தோப்பு, பீரங்கி எந்தப் பக்கம் என்று துருவிக் கேட்டுக் கடிதமும் குறிப்பும் வரைபடமும் திரட்டினார். தம் நாட்டவரோடு நிற்கவில்லை. எதிரியாயிருந்த பிரெஞ்சுத் தளபதி புசியைப் பிரான்சுக்கே போய்ச் சந்தித்துத் தக்காணத்துச் செய்திகளைக் கேட்டறிந்தார். அவர் சேர்த்த தாள்கள் 231 தொகுதிகளாக இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இவ்வளவு கேட்டவர், அந்த 120 சிப்பாய்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதைப் பெருமூச்சோடு சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் அதே குற்றத்தைச் செய்தவன் நான் என்பதை இச்சபையில் சொல்லியாக வேண்டும்.

நம் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்த பெரியவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பிள்ளைகள் 'பாட்டா' என்றழைப்பார்கள். திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதை போட்டபோது கூலியாக மண் சுமந்து, 1979-இல் வண்டி ஓடத் தொடங்கியபின் கேங்மேனாகி ஓய்வு பெற்றவர். 1954-இல் அவருக்குப் பத்து வயது. தென்திருவிதாங்கூர்த் தமிழ்ப்பகுதிகள் தமிழகத்தோடு சேரவேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டம் உங்களுக்குத் தெரியும். அவ்வாண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர், உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது; பாறசாலையும் அதனோடு நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. நாம் கோட்டுக்கு இப்பால் இருக்கிறோம்.

பாட்டா அந்த ஆகஸ்டு நாளில் தம் தந்தையோடு தொடுவட்டிச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டு போயிருந்தார். வெடிச்சத்தம் கேட்டது. தந்தை குலையை அப்படியே சாலையோரம் போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று கண்டதை வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். யார் ஓடினார்கள், யார் விழுந்தார்கள், எந்தக் கடை கதவடைத்தது, எந்த வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்வார். தண்ணீர் கொடுத்தது ஒரு மலையாளத்து அம்மையார் என்பதை ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வார். "எழுதிப் போடு மக்களே, பொறவு மறந்து போவும்" என்பார். "எழுதலாம் பாட்டா, இந்த ஆண்டுக் கணக்கு முடியட்டும்" என்பேன். நாள்தோறும் நூறு வரி எழுதும் எழுத்தன் நான். கணக்கு ஒவ்வோர் ஆண்டும் முடிந்தது. சென்ற சித்திரையில் பாட்டா காலமானார்.

பதினாறாம் நாள் அவருடைய பேரன் என்னிடம் வந்தான். அவன் மலையாளப் பள்ளியில் படிப்பவன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "மாமா, பாட்டா உங்ககிட்டத்தான் எல்லாம் சொன்னாங்களாம். சந்தையிலே எந்தப் பக்கம் நின்னாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. முப்பது முறை கேட்ட கதை. கிழக்கா மேற்கா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்த அம்மையாரின் பெயரும் நினைவில் இல்லை. 1751-இல் வெடித்த பீரங்கி நான்காம் நாள் வெடித்தது என்று எனக்குத் தெரிகிறது; பக்கத்து வீட்டுப் பாட்டா நின்ற இடம் தெரியவில்லை. அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அதன் பிறகுதான் ஓர்மின் நூலை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

செயலாளரிடம் அனுமதி பெற்றுச் சங்கத்தின் செலவில் ஒரு பதிவேடு வாங்கியிருக்கிறோம். முந்நூறு பக்கம், கெட்டி அட்டை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். 1954-ஐயும் 1956-ஐயும் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுந்து வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருவேன். எந்தத் தரப்பில் நின்றவரானாலும் சரி, போலீசில் இருந்தவர் வீட்டாரானாலும் சரி, நம் அண்டை வீட்டு மலையாள அன்பர்களானாலும் சரி, சொன்னது சொன்னபடி எழுதப்படும். அவர்கள் மலையாளத்தில் சொன்னால், பாட்டாவின் பேரன் எழுதிக்கொள்வான், அவனே முன்வந்திருக்கிறான். பெயரை எழுத விரும்பாதவர்கள் சொன்னால் விட்டுவிடுவோம். மற்றவர்கள் பெயர் கட்டாயம் எழுதப்படும்.

முதற்பக்கத்தைப் பாட்டாவுக்காக நானே எழுதியிருக்கிறேன். சந்தைக்குப் புறப்பட்டதும், வெடிச்சத்தமும், சாலையோரத்தில் விட்ட வாழைக்குலையும், தண்ணீர் கொடுத்த அம்மையாரும் எனக்கு நினைவிருக்கும் அளவுக்கு அதில் வந்துவிட்டன. எந்தப் பக்கம் என்னும் இடத்தையும், அம்மையாரின் பெயருக்குரிய இடத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அன்று தொடுவட்டிச் சந்தையில் இருந்தவர் எவரேனும் இந்தப் பந்தலில் இருந்தால், போகுமுன் என்னைப் பார்த்துவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன்.